கரையோரக் குஞ்சுகள்

அந்த நாளில் வசந்தகால இரவுகளில் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றின் கரையோரமாக நாங்கள் மீன் கணக்கெடுக்கப் படகில் போகும்போது, ஜெனரேட்டர் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. முன்னால் தொங்கும் கம்பிகள் தண்ணீரில் மின்சாரத்தை இறக்க, சற்றே மயங்கி வெள்ளியாய் மின்னி மேலே வரும் சினூக் சால்மன் குஞ்சுகளைக் கைவலையில் அள்ளி, ஈரக் கையால் எடுத்து நீளம் அளந்து, தெளிந்து துள்ளியதும் ஆற்றிலேயே விட்டுவிடுவோம். சின்ன வயதில் வாய்க்காலில் துண்டு விரித்து மீன் பிடித்தவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

கரைதான் அப்போது மொட்டையாகக் கிடந்தது. 1960-இல் அனுமதி பெற்ற கரைப் பாதுகாப்புத் திட்டத்தில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை மைல் கணக்கில் கல்லைக் கொட்டியிருந்தது. அதை நம்பி ஊர்கள் வெள்ளப் பயமின்றித் தூங்கின என்பதும் உண்மை. ஆனால் கடலுக்குப் புறப்பட்ட விரல் நீளக் குஞ்சு தேடுவது ஆழமில்லாத மெல்லிய ஓட்டம், மேலே சாய்ந்த கிளை, ஒளிந்துகொள்ள ஒரு வேர். கல் கொட்டிய இடத்திலோ ஆழம் சட்டென்று கூடிவிடும். குஞ்சைத் தின்னக் கல்லிடுக்கருகே பாஸ் மீன் காத்திருக்கும்.

சினூக்கிலேயே குளிர்காலத்தில் கடலிலிருந்து ஆறேறும் கூட்டமான குளிர்கால ஓட்டச் சால்மனை 1994-இல் அழியும் நிலையிலுள்ள இனம் என்று அறிவித்தபின், கரையைப் பழுதுபார்ப்பவர்கள் மீனுக்கும் இடம் யோசிக்க வேண்டியதாயிற்று. கல்லோடு மண்ணும் நிரப்பித் தாழ்வான திண்ணை அமைத்தார்கள், வில்லோ மரங்கள் நட்டார்கள். படகுப் போக்குவரத்துக்காக ஒரு காலத்தில் ஆற்றிலிருந்து இழுத்தெறியப்பட்ட மரங்கள், இப்போது வேரும் கிளையுமாகக் கரையோரம் கட்டிவைக்கப்படுகின்றன! அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பும் நிம்மதியும் சேர்ந்தே வரும்.

இன்று குஞ்சின் வயிற்றுக்குள் அரைக் கிராமுக்கும் குறைவான ஒலிக்குறிப்பியை வைத்துத் தைத்து விடுகிறார்கள். ஆற்றடியில் இருக்கும் ஒலிவாங்கிகள் அது எந்தத் திண்ணையோரம் எவ்வளவு நேரம் தங்கியது, பகலிலா ராத்திரியிலா என்று பதிந்துகொள்கின்றன. படகுச் சத்தத்துக்கே விலகிப்போன மீன்களைப் பற்றி எங்களுக்குத் தெரியாமலே போன விஷயம் அது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் கரையை எல்லோரையும்விட அதிகம் நம்பியிருக்கும் 40 மில்லிமீட்டர் குஞ்சால் அந்தச் சின்னக் குறிப்பியைக்கூடச் சுமக்க முடியாது. அதற்கு இன்றும் வலைதான் வேண்டும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை ஒரு பருவமாவது ஆற்றில் இறக்குங்கள் என்று இன்னமும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.