பிளஸ் டூ படமும் பின்புலமும்: ஒரு திணையியல் ஆய்வு

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகள் செண்ட்-ஆஃப் படத்துக்கு இடம் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை ஒருபுறம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு, முதலமடை. மறுபுறம் மூணாறு, மறையூர், பூப்பாறை, குமுளி. நடுவில் தமிழ்நாடு. சித்தூர்ப் பிள்ளைகள் மூணாறு போவதென்றால் மீனாட்சிபுரத்தில் கேரளத்தை விட்டு, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சுற்றி, சின்னாறு செக்போஸ்டில் மறுபடி கேரளத்துக்குள் நுழைவது வழக்கம். ஆய்வுக்கு இத்தகவல் தேவையா என்று வினவுவோர் உளர். வேன் வாடகையில் பங்கு கொடுத்தவர் வினவமாட்டார்.

முன்னோர் நிலையை முதலில் காண்போம். ரோலுக்கு 36 படம் என்றிருந்த காலத்தில் இடப்பிரச்சினையே எழவில்லை. பள்ளிக்கூட முகப்பில் பெஞ்சு. நடுவில் ஹெட்மாஸ்டர், இருமருங்கும் ஆசிரியர்கள், பின்னால் நெட்டையர், தரையில் குட்டையர். இடம் நிலையானது, ஹெட்மாஸ்டர்தான் மாறுவார். செல்போன் வந்தபின் படத்துக்குக் காசில்லை. காசில்லாத இடத்தில் கருத்து வேறுபாடு முளைப்பது இயல்பு. இன்று வகுப்பு மொத்தத்துக்கும் ஒரு குரூப் போட்டோ, ஆளுக்கொரு தனிப்படம், எல்லாரும் குதிக்கும் படம் ஒன்று, அதுபோக ரீல்ஸ்.

அமெரிக்கர் இத்துறையில் மூத்தோர். அங்கே பள்ளி இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரையும் தனியே படமெடுத்து ஆண்டு மலரில் போடுவார்கள். கவனிக்கத்தக்கது, பலர் அப்படத்தை இறுதியாண்டு தொடங்கும் முன்பே கோடையிலோ, தொடங்கிய கையோடு இலையுதிர் காலத்திலோ எடுத்துவிடுவது. பிரியும் முன்பே பிரிவைப் படமெடுக்கும் இவ்வழக்கம் நமக்கு விநோதம். ஆயினும் இதைக் கைவசம் வைத்திருப்போம், கடைசியில் பயன்படும்.

இனி இலக்கணம். தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்று சொன்னார். முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் தெய்வம், உணவு, மரம், பறவை முதலியன. நம் தரவில் கூலிங் கிளாஸ், ஒரே நிறச் சேலை, அடுத்தவர் பைக். உரிப்பொருள் சந்தேகத்துக்கிடமின்றிப் பிரிவு. உரிப்பொருள் அல்லாதவை மயங்கலாம் என்று அவரே இடம் கொடுத்திருப்பதால், மூணாற்றுக் குறிஞ்சியில் நின்றாலும் கொல்லங்கோட்டு மருதத்தில் நின்றாலும் செண்ட்-ஆஃப் படம் பாலைத்திணையே. பாலைக்குரிய பெரும்பொழுதுகளில் ஒன்று பின்பனி, அதாவது மாசியும் பங்குனியும். பிளஸ் டூ பரீட்சையை மார்ச்சில் வைத்து, செண்ட்-ஆஃபை அதையொட்டி விழச்செய்யும் கேரள அரசு தொல்காப்பியத்தை இவ்வளவு நுட்பமாகப் பின்பற்றுவதை உரையாசிரியர் எவரும் பாராட்டவில்லை. சிறுபொழுது நண்பகல் என்பதில்தான் சிக்கல். உச்சிவெயிலில் முகம் கருக்கும் என்று போட்டோக்கார அண்ணன்மார் தொல்காப்பியரோடு முரண்படுகின்றனர்.

அஃதேல், எந்த நிலத்தையும் தேரலாமோ எனின், அற்றன்று. மூணாற்றுப் பிள்ளையிடம் தேயிலைக் காட்டில் நின்று படமெடுக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். "அம்மா கொழுந்து எடுக்குற காட்டுலயா? அங்க நின்னு என்னண்ணே போஸ் கொடுக்க?" என்பான். அதே தேயிலைக்காக விடியற்காலை மூன்று மணிக்குச் சேலை கட்டிக்கொண்டு வேனில் ஏறுகிறாள் கொழிஞ்சாம்பாறைப் பெண். கொல்லங்கோட்டிலோ கோவையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் ஆட்கள் வந்து, பனைமரமும் நெல்வயலும் பின்னால் நெல்லியாம்பதி மலையும் தெரிய விதவிதமாக எடுத்துப் போகிறார்கள், உள்ளூர்ப் பிள்ளை "வயல்ல என்னங்க இருக்குது?" என்று கேட்கிறான். சந்தைக்கு நாட்டிலேயே முந்தி வரும் மாம்பழங்களில் ஒன்றான முதலமடை மாம்பழத்தின் தோப்புகளுக்கும் இதே கதி. ஆகவே இவ்வாய்வு கண்ட விதி: அடுத்தவர் வீட்டார் பாடுபடும் இடம் பின்புலம், தம் வீட்டார் பாடுபடும் இடம் வெறும் இடம். விதிவிலக்கு ஒன்று உண்டு. கோவை ஹாஸ்டலில் இரண்டு வருடம் படித்துவிட்டுத் திரும்பிய எஸ்டேட் பிள்ளை, லயத்துக் கதவைப் பிடித்துக்கொண்டுகூடப் படம் எடுக்கிறது.

விதி கண்டால் போதாது, தடை நீக்க வேண்டும். முதல் தடை வரையாடு. இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதியை வரையாட்டின் பேறுகாலத்துக்காக வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுகிறார்கள். செண்ட்-ஆஃப் பருவமும் அதுவே. தாய்மைக்கு முன் இன்ஸ்டாகிராம் எடுபடாது. இரண்டாவது படையப்பா. ரஜினி படப்பெயர் தாங்கி மூணாற்றுச் சாலைகளில் உலவும் இக்கொம்பன் யானை, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் பின்புலமாக வந்து நிற்கும். சின்னக்கானலின் அரிக்கொம்பனோ 2023 ஏப்ரலில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு, அங்கிருந்து கம்பத்துக்குள் நுழைந்து, ஜூனில் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பப்பட்டது. ஒரே பருவத்தில் மூன்று லொக்கேஷன் பார்த்தவர் மாணவருள் எவருமிலர்.

குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே சுமார் 169 மீட்டர் உயர்ந்து நிற்கும் இடுக்கி அணை அருமையான பின்புலம், கேமராவுக்கு அனுமதியில்லை. ஆலமர நிழலோடு பல படங்களில் தலைகாட்டிய முதலமடை ரயில் நிலையத்தில் பிளாட்பாரத்தோடு நிற்பது உத்தமம். தண்டவாளத்தில் இறங்கினால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறை என்கிறது. பிளஸ் டூவுக்குப் பின் சேரும் படிப்பாக அதை எந்தப் பெற்றோரும் விரும்புவதில்லை. ராமக்கல்மேட்டில் நின்றால் கம்பம் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். ஆனால் காற்றாலை நடும் அளவுக்குக் காற்றடிக்கும் இடத்துக்குப் பெண்கள் மொத்தப் பேரும் சேலையில் போவது முறையன்று. சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாயிலும் தை மாதக் கீழைக்காற்று இதே வேலையைச் செய்யும்.

தடையற்ற இடம் ஒன்று சொல்லலாம். மறையூரை அடுத்த கோவில்கடவில், பாம்பாற்றங்கரைப் பாறைமேல் இருக்கும் முனியறைகள். நான்கு புறமும் கற்பலகை நிறுத்தி மேலே ஒன்றை மூடிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் அவை. பிரிவு என்ற உரிப்பொருளுக்கு இதைவிடப் பொருந்திய கருப்பொருள் கிடையாது. மாணவர் இவ்வடிப்படையில் அங்கே போவதாகத் தெரியவில்லை. பாறைமேல் வெளிச்சம் நன்றாயிருக்கும் என்கிறார்கள்.

எஞ்சுவது குறிஞ்சி. பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கிறது, பிளஸ் டூ பிள்ளைகள் பிப்ரவரியில் பிரிகிறார்கள். இரண்டும் சந்திப்பதேயில்லை. 2006இல் பூத்தபோது கையில் ரோல் கேமரா. 2018இல் கையில் செல்போன் இருந்தும் ஆகஸ்ட் வெள்ளம் சாலைகளை அறுத்துவிட்டது. அடுத்த பூப்பு 2030. எனவே 2030-31இல் பிளஸ் டூ படிக்கப்போகும் ஒரேயொரு செட்டுக்கு மட்டும் அமெரிக்க முறையை அனுமதித்து, செண்ட்-ஆஃப் படத்தை ஆண்டுத் தொடக்கத்திலேயே எடுக்க இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. ஓணப் பரீட்சை குறுக்கே வரும் என்பார். அதை ஆசிரியர் சங்கங்கள் பேசித் தீர்க்கட்டும். சேலையின் நிறத்தை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடுவது நல்லது. நீலம் எடுத்தால் ஆளே தெரியாது.