நாலு மூட்டை சிமெண்ட்டும் வைகை மணலும்

எங்கள் வீட்டுப் பின்கட்டுச் சுவரில் காரை உதிரத் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. பார்க்க வந்த கொத்தனார் சுவரைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். "எம்.சாண்டெல்லாம் இந்தச் சுவத்துக்கு வேணாங்க. ஆத்து மணல் கிடைச்சாச் சொல்லி விடுங்க, வாறேன்" என்று போனவர்தான். சுவருக்கென்று எடுத்து வைத்த பணம் பீரோவில் சும்மா கிடந்தது. அதில் நான் மோட்டார் சைக்கிள் வாங்கினேன், ஐம்பது வயதில்.

பெயர் ஹிமாலயன். பிறப்பிடம் என்னவோ சென்னைக்குப் பக்கம். 411 சிசி, 21 அங்குல முன்சக்கரம், பெட்ரோலோடு நிறுத்தால் 199 கிலோ. கொத்தனார் கணக்கில் சொன்னால் நாலு மூட்டை சிமெண்ட், ஒரு கிலோ குறைச்சல். அந்த ஒரு கிலோ சலுகை, விழுந்த வண்டியைத் தூக்கும்போது தெரிவதே இல்லை.

தார்ரோட்டில் ஓட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். கெடுத்தது செல்போன். டாக்கர் ராலி என்கிற பாலைவன மோட்டார் பந்தயத்தை முதன்முதலில் முடித்த இந்தியர் பெங்களூரின் சி.எஸ்.சந்தோஷ், 2015-இல், 36-ஆவது இடம். 2024-இல் ஷொரணூர்க்காரரான ஹரித் நோவா, ராலி-2 பிரிவில் முதலிடத்தையே அடித்தார். சவுதிப் பாலைவனத்தில் அவர் மணல் மேல் மிதந்து போவதை ராத்திரி பதினொரு மணிக்குப் பார்த்துவிட்டு, ஷொரணூர் மிதக்கலாம், காரைக்குடி மிதக்கக் கூடாதா என்று கேட்டுக்கொண்டேன். மிதப்பு என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் ஊரில் மணல் பழக முடியாது. செம்புறாங்கல் பூமி. மழை பெய்தால் வழுக்கும், காய்ந்தால் பாறை. இடைப்பட்ட நிலையே கிடையாது. ஆகவே வொர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, 60 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, மானாமதுரைக்கு வெளியே வைகைக்குள் இறங்கினேன். சித்திரையில் வீர அழகர் குதிரை வாகனத்தில் இறங்குகிற அதே ஆறு. ஆனால் அழகரைக் குதிரையோடு சுமந்து வர ஆட்கள் இருக்கிறார்கள். மணலை மிதிக்கிற பாடு அவர்களுடையது.

தம்பி முதலில் செய்த காரியம், இரண்டு டயரிலும் பாதிக்குப் பாதி காற்றைப் பிடுங்கியது. அதிர்ந்து போனேன். காற்று குறைந்தால் டயர் சப்பையாகி அகலமாகப் பதியும், ஒட்டகத்தின் காலடி மாதிரி, அப்போதுதான் புதையாது என்றார். திரும்ப அடிக்கக் கால்பம்ப் கொண்டு வந்திருந்தார். பிறகு உபதேசம்.

"அண்ணே, எந்திரிச்சு நில்லுங்க. வெயிட்டப் பின்னாடி கொண்டு போங்க. ஹேண்டில்பார் ஆடும், ஆடட்டும், இறுக்காதீங்க. கீழ பாக்காதீங்க, தூரத்துல பாருங்க. பயமா இருந்தா த்ராட்டில் குடுங்க."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். பயமாக இருந்தால் வேகத்தைக் கூட்டுவது என்பது எங்கள் வம்சத்திலேயே இல்லாத பழக்கம். வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்ட நாளில் அப்பா எனக்குச் சொல்லித் தந்தது மூன்றுதான்: மெதுவாப் போ, பிரேக்கைப் பிடி, காலை ஊன்று. நாற்பது வருஷமாக அந்த மூன்றுமே என்னைக் காப்பாற்றின. வைகையில் அந்த மூன்றுமே என்னைக் கவிழ்த்தன. மெதுவாகப் போனால் முன்சக்கரம் ஏர்க்கொழு மாதிரி மண்ணுக்குள் இறங்குகிறது. முன்பிரேக்கைத் தொட்டால் இன்னும் ஆழமாக உழுகிறது. காலை ஊன்றினால் கால் கணுக்கால் வரை போய்விடுகிறது, அதற்கு மேல் நாலு மூட்டை சிமெண்ட் வருகிறது.

சிராவயல் மஞ்சுவிரட்டை வருஷா வருஷம் பார்ப்பவன் நான். கொம்பைப் பிடிக்கப் போனவன் கதி என்னவென்று தெரியும். தெரிந்தும் ஹேண்டில்பாரைக் கொம்பாகத்தான் பிடித்தேன்.

மணலில் விழுவதில் அவசரமே இல்லை. முதலில் முன்சக்கரம் ஒரு பக்கம் நழுவும். நாம் மறுபக்கம் இழுப்போம். வண்டி யோசிக்கும். 'விழுகிறோம்' என்று வாய்விட்டுச் சொல்லி முடிக்கிற அளவுக்கு நேரம் இருக்கும். பிறகு மெத்தென்று ஒரு சத்தம், பெட்ரோல் வாடை, வாய்க்குள் மணல்.

கரையோரம் சீமைக்கருவேல நிழலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் மூன்றாவது விழுகை வரை பொறுமையாக இருந்தார். நாலாவதற்கு எழுந்து வந்தார்.

"என்னப்பு, மாட்டுக்கு லாடம் கட்டப் படுக்கப் போடுற மாதிரியில்ல போடுறீக?"

தூக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. கியரில் போட்டுவிட வேண்டும், உருளாமல் இருக்க. வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் பிட்டத்தை அண்டக்கொடுத்து, ஒரு கை ஹேண்டில்பாரில், மறுகை பின்கம்பியில், காலை உந்திப் பின்னோக்கி அடி அடியாக நடக்க வேண்டும். முதுகெலும்புக்கு வேலை இல்லை, தொடைக்குத்தான். மதிப்புக்குரிய ஒரு குடும்பஸ்தன் செய்யக்கூடிய காட்சி அல்ல. ஆடுகள்கூட மேய்வதை நிறுத்திவிட்டன.

பதினோரு தடவை விழுந்த பிறகு பெரியவர் மணலைக் காலால் கிளறிக் காட்டினார். "இது பொருபொருன்னு கிடக்கு. அந்தா ஊத்துத் தோண்டியிருக்காகள்ல, அதுக்குக் கொஞ்சம் தள்ளி ஓட்டுங்க. அடியில ஈரம், தாங்கும்." சரிதான். காய்ந்த மணலில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஈரம் பட்டால் நீர் அவற்றைச் சேர்த்துக் கட்டிவிடுகிறது. தம்பியின் இரண்டு மணி நேர உபதேசத்தைவிட இந்த ஒன்று எனக்கு உதவியது. தம்பிக்கு அதில் வருத்தம்தான்.

ஊற்றுக் குழிகளுக்கு நன்றாக ஒதுங்கி, எழுந்து நின்று, அப்பாவிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டு, த்ராட்டிலைத் திருகினேன். முன்சக்கரம் பாம்பு மாதிரி நெளிந்தது. நெளியட்டும் என்று விட்டேன். திடீரென்று நெளிவு நின்றுவிட்டது. காலுக்கடியில் மணல் ஓடியது, நான் மேலே போனேன். எதிர்க்கரை நெருங்கியது. நிறுத்துவது எப்படி என்று தம்பி சொல்லவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கையை விட்டேன், மணலே நிறுத்தியது.

இறங்கி, சைடு ஸ்டாண்டைப் போட்டுவிட்டு, இக்கரையைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். பின்னால் மெத்தென்று ஒரு சத்தம். ஸ்டாண்டு மணலுக்குள் இறங்கி, வண்டி தானாகவே சாய்ந்து படுத்திருந்தது. அடியில் ஒரு சப்பைக்கல் வைக்க வேண்டுமாம். அதையும் பிறகுதான் சொன்னார்கள்.

நடந்து வந்து சேர்ந்த பெரியவர், "அதுக்கும் அசதியா இருக்காதா, விடுங்கப்பு" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது இருட்டிவிட்டது. பூட்ஸைக் கழற்றினேன். பட்டாசாலையின் ஆத்தங்குடிக் கல்லில் இரண்டு சிறு குன்றுகள் விழுந்தன. பேன்ட் மடிப்பு, சட்டைப்பை, காது என்று எல்லா இடத்திலிருந்தும் வைகை உதிர்ந்தது. திட்டு வரும் என்று நின்றேன். மனைவி குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தாள்.

"நல்ல மணலா இருக்கே. மறுபடி எப்பப் போறீங்க? கொத்தனாரை வரச் சொல்லிரலாம்ல."