வெளிச்சத்துக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று

பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் படம் பிடித்தவர் எவரும், தான் பிடித்த கணத்தைப் பார்த்ததில்லை. பட்டனை அழுத்தியதும் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் கண்ணாடி மேலே எழும். வியூஃபைண்டர் இருண்டுவிடும். அந்த இருட்டுக்குள்தான் ஷட்டர் திறந்து பிலிமில் வெளிச்சம் விழும். கண்ணாடி மறுபடி இறங்கும்போது மாப்பிள்ளையின் கை தாலியை விட்டு விலகியிருக்கும். பாளையங்கோட்டையில் நான் தொழில் பழகிய ஸ்டுடியோவின் அண்ணாச்சி இதை ஒரே வரியில் சொல்லித் தந்தார்: “கண்ணுல நல்லா பட்டுட்டுன்னா பிலிம்ல விழலன்னு அர்த்தம்ல, தம்பி.”

இன்று என் பையில் இருக்கும் இரண்டு கேமராக்களிலும் அந்தக் கண்ணாடியே இல்லை. கல்யாண வேலைக்கு சோனி ஏ7 மார்க் 4. பறவைகளுக்கு ஓஎம் சிஸ்டம் ஓஎம்-1. எதற்கு இரண்டு, நல்லதாக ஒன்று வாங்கினால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் இதுதான்: கல்யாண மண்டபத்தில் பஞ்சம் வெளிச்சத்துக்கு, குளக்கரையில் பஞ்சம் நேரத்துக்கு. ஒரு பஞ்சத்தைத் தீர்க்கச் செய்த கருவி மற்றதைத் தீர்க்கத் திணறும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஸ்டுடியோவில் நிக்கான் எஃப்.எம்.2 ஒன்றும் யாஷிகா மேட் 124ஜி ஒன்றும் இருந்தன. யாஷிகா குரூப் போட்டோவுக்கு. ஒரு ரோலுக்கு 12 சதுரப் படங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் நிக்கான்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, பள்ளிக்கூட ஆண்டு விழா எல்லாம் அதே 36 பிரேமுக்குள். எடுக்கிற பொருளுக்கு ஏற்ற கேமரா என்ற பேச்சே கிடையாது. எடுக்கிற ஆள்தான் மாறிக்கொள்ள வேண்டும்.

கல்யாணத்துக்கு 100 ஏ.எஸ்.ஏ. கலர் பிலிம், பக்கவாட்டில் கைப்பிடியோடு நிற்கும் பெரிய மெட்ஸ் பிளாஷ், எஃப் 8 அளவில் லென்ஸ். பிளாஷ் ஒரு தடவை அடித்தால் மறுபடி முழுதாக சார்ஜ் ஏறச் சில வினாடிகள் ஆகும். கெட்டிமேளம் முழங்கி முதல் முடிச்சு விழுவதற்குள் ஒரு படம். அது தப்பினால் அடுத்தது நாத்தனார் முடிச்சில்தான். அதனால் அண்ணாச்சி கல்யாணத்தையே நிறுத்துவார். “மாப்ள, தாலிய அப்படியே புடிங்க. நம்மளப் பாருங்க.” மாப்பிள்ளை நிற்பார், ஐயர் நிற்பார், அட்சதையோடு கைகள் நிற்கும். இன்று வினாடிக்குப் பத்துப் படம் எடுக்கும் கேமரா இருக்கிறது. யாரையும் நிறுத்தத் தேவையே இல்லை. ஆனால் இன்றைய மேடைகளில்தான் மணமக்களை நாங்கள் அதிகம் நிறுத்துகிறோம். மறுபடி நடந்து வாங்க, மறுபடி சிரிங்க, வீடியோவுக்காக மாலையை இன்னொரு தடவை மாற்றுங்க என்கிறோம். கருவி கொடுத்த விடுதலையை நாங்கள் மணமக்களுக்குக் கொடுக்கவில்லை. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற காரியம்.

அந்த நாள் ஆல்பங்களைப் புரட்டினால் ஒன்று உடனே தெரியும். முகங்கள் பளீரென்று வெளுத்திருக்கும். பின்னால் மண்டபம் கறுப்பாக இருக்கும். பிளாஷின் வெளிச்சம் தூரம் இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆறடியில் நிற்கும் பொண்ணுக்குப் போதுமான வெளிச்சம், பன்னிரண்டடியில் நிற்கும் தாய்மாமனுக்குக் கால் பங்கு. அதற்கும் பின்னால் இருந்த குத்துவிளக்கும் வாழைமரமும் வந்திருந்த சனமும் படத்தில் இல்லாமலே போய்விட்டன.

ஆனால் ஒவ்வொரு ஆல்பத்திலும் இரண்டு மூன்று படங்கள் வேறு மாதிரி இருக்கும். முகூர்த்தத்துக்குச் சற்று முன்னால் புது ரோல் போட்டுவிடுவது தொழில் வழக்கம். முடிச்சு விழும் நேரத்தில் ரோல் தீர்ந்துவிட்டால் அதைவிடக் கேடு இல்லை. பழைய ரோலில் மிச்சம் இருக்கும் பிரேம்களை அண்ணாச்சி வீணாக்கமாட்டார். பிளாஷின் சார்ஜை முகூர்த்தத்துக்குச் சேமித்து வைத்துவிட்டு, வெறும் ஜன்னல் வெளிச்சத்தில், ஷட்டரை வினாடியில் 30-இல் ஒரு பங்குக்கு இறக்கி, கண்ணில் பட்டதை எடுப்பார். தாழ்வாரத்தில் வெற்றிலை இடிக்கும் ஆச்சி, இலைக்கட்டைப் பிரிக்கும் சமையல்காரர், பட்டுப்பாவாடையோடு தூங்கிவிட்ட பிள்ளை. பணம் கொடுத்தவர்கள் அப்போது அந்தப் படங்களைக் கவனித்ததே இல்லை; சிலர் ஆல்பத்தில் ஒட்டவும் விடவில்லை. இப்போது பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்ய என்னிடம் வருகிற குடும்பங்கள் முதலில் கேட்பது அவற்றைத்தான். “எங்க ஆச்சிக்கு இருக்கிறது இந்த ஒரு போட்டோதான் அண்ணே.” மேடையில் நிறுத்தி எடுத்தவை கீழே போய்விட்டன, மிச்சப் பிரேமில் எடுத்தவை மேலே வந்துவிட்டன.

சோனி ஏ7 மார்க் 4 எனக்கு ஏன் முக்கியம் என்பதற்கு இதுதான் காரணம். அந்த மிச்சப் பிரேமின் வெளிச்சத்தில் முழுக் கல்யாணத்தையும் எடுக்க முடிகிறது. 2021-இல் வந்த கேமரா, 33 மெகாபிக்ஸல், சென்சார் பழைய பிலிம் பிரேமின் அளவே, 36-க்கு 24 மில்லிமீட்டர். ஓஎம்-1 சென்சார் 17.3-க்கு 13. பெருக்கிப் பார்த்தால் 864 சதுர மில்லிமீட்டரும் 225-ம். ஏறக்குறைய நாலு மடங்கு பரப்பு. ஒரே எஃப் அளவில், ஒரே ஷட்டர் வேகத்தில் பெரிய சென்சார் நாலு மடங்கு வெளிச்சத்தைச் சேகரிக்கிறது. 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸை மாட்டி, ஐ.எஸ்.ஓ.வை 6400-க்கு ஏற்றி, பிளாஷ் இல்லாமல் நின்றால் ஓமத் தீயின் நிறம் பொண்ணின் கன்னத்தில் தெரிகிறது; பின்னால் கண்ணைத் துடைக்கும் அம்மாவும் தெரிகிறார். ஓஎம்-1-இல் இதே வெளிச்சமும் பின்னணி மங்கலும் வேண்டுமென்றால் எஃப் 0.9 லென்ஸ் வேண்டும். அது கல்யாண வேலைக்கு நடக்கிற காரியம் இல்லை.

கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. நல்லது, வேலை செய்கிறது. எனக்கு அதைவிட முக்கியம் இரண்டு கார்டு போடும் இடம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதிவாகும். ஒரு கார்டு செத்தாலும் கல்யாணம் பிழைக்கும். லேபுக்குப் போன ரோல் திரும்பி வரும்வரை அண்ணாச்சி சரியாகச் சாப்பிடமாட்டார். அந்தக் கவலை எனக்கு இல்லை.

குறையும் உண்டு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்த சென்சார் மேலிருந்து கீழாக நிதானமாகவே படத்தை வாசிக்கிறது. மண்டபத்தின் எல்.இ.டி. விளக்கில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதனால் மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

கேமராக்களின் குலவரலாறும் புரண்டு கிடக்கிறது. நாங்கள் சோனியை வாக்மேனுக்கும் டிவிக்கும் அறிந்தவர்கள். ஆட்டோஃபோகஸை எஸ்.எல்.ஆருக்குள்ளேயே வைத்து 1985-இல் ஆல்ஃபா 7000-ஐக் கொண்டுவந்தது மினோல்டா. அதே கம்பெனி, கோனிகாவோடு இணைந்த பிறகு, 2006-இல் கேமராத் தொழிலை விட்டு விலகி அதை சோனியிடம் ஒப்படைத்தது. ஆல்ஃபா என்ற பெயர் இன்று சோனியின் மேல் இருக்கிறது. ஓஎம்-1-இன் கதை இன்னும் நீளம். எஸ்.எல்.ஆர். என்றால் கனமாகத்தான் இருக்கும் என்ற காலத்தில், ஒலிம்பஸின் யோஷிஹிசா மைதானி கைக்குள் அடங்கும் ஓஎம்-1-ஐ 1972-இல் கொண்டுவந்தார். ஒலிம்பஸ் 2021-இன் தொடக்கத்தில் கேமராப் பிரிவைக் கைமாற்றிவிட்டது. அடுத்த ஆண்டு புதிய கம்பெனி அதே ஓஎம்-1 பெயரைத் தன் கேமராவுக்கு வைத்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அதன் பலம் அதேதான்: சிறியது, இலேசானது, தூக்கிக்கொண்டு நடக்கலாம்.

தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பறவைப் படத்தில் பாதி வேலை. நாங்குநேரிக்குப் பக்கத்தில் கூந்தன்குளம். 1994-இல் சரணாலயம் ஆனது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஊர்க்காரர்கள்தான் காவல். மஞ்சள் மூக்கு நாரைகள் வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. யாரும் விரட்டுவதில்லை, பட்டாசு வெடிப்பதில்லை. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்துகள் வந்து இறங்குகின்றன. எஃப்.எம்.2-இன் கண்ணாடி அடிக்கும் ‘டக்’ சத்தத்துக்கே நீர்க்கோழி தலை நிமிர்த்தும். ஒவ்வொரு படத்துக்கும் கட்டைவிரலால் பிலிமைத் தள்ள வேண்டும். அதற்குள் பறவை அடுத்த கரையில் இருக்கும்.

திருநெல்வேலிச் சீமையில் வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்த மா. கிருஷ்ணன், தானே பல உறுப்புகளைக் கோத்துச் செய்து, ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரிட்ட கேமராவில் காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் பிடித்தார். விலங்கு அடுத்து என்ன செய்யும் என்ற அறிவுதான் அவருடைய வேகம். அந்த அறிவு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு ஓஎம்-1 வேறொரு உதவி செய்கிறது.

மீன்கொத்தி கிளையை விட்டுப் பாயும் கணத்தைக் கண் கண்டு விரல் அழுத்துவதற்கு ஏறத்தாழ கால் வினாடி ஆகிறது. கால் வினாடியில் மீன்கொத்தி பிரேமை விட்டே போயிருக்கும். ஓஎம்-1-இல் பட்டனைப் பாதி அழுத்திக்கொண்டு காத்திருந்தால், கேமரா படங்களை எடுத்து எடுத்துத் தன் நினைவில் சுற்றவிடுகிறது. முழுக்க அழுத்தினதும் அதற்கு முன்பு நடந்தவற்றையும் கார்டில் எழுதிவிடுகிறது. சில லென்ஸ்களில் ஃபோகஸைத் தொடர்ந்துகொண்டே வினாடிக்கு 50 படம். அப்படியானால் விரல் பிந்திய அந்தக் கால் வினாடிக்குள் பன்னிரண்டு படங்கள். அடுக்கு சென்சார் என்பதால் வாசிப்பு வேகம். சிறகு அதிகம் வளைந்து விழுவதில்லை. சத்தம் இல்லை. வியூஃபைண்டர் இருளவும் இல்லை. அண்ணாச்சி பார்க்கவே முடியாத கணத்தை நான் பார்க்கிறேன். நான் அழுத்தத் தவறிய கணமும் என் கையில் இருக்கிறது. முதல் தடவை இது வாய்த்தபோது மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் வந்தது: இந்தப் படத்தை எடுத்தது யார்? இன்று எனக்கு அதில் ஐயம் இல்லை. அந்தக் கிளைக்குத்தான் மீன்கொத்தி திரும்பி வரும் என்று அறிந்து, கூட்டுக்கு எட்டி நின்று, வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து உட்கார்ந்தவர்தான் எடுத்தார்.

இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்திருக்கிறேன். இருட்டு மண்டபத்தில் ஓஎம்-1 படத்தில் மணல் தூவினாற்போல் நிற்கிறது. கூந்தன்குளத்தில் சோனி அவ்வளவு தோற்கவில்லை. சொல்லப்போனால் விடியலில் ஜெயிக்கவும் செய்கிறது. சோனிக்கு நம்மால் வாங்க முடிகிற பறவை லென்ஸ் 200-600. அது 600-இல் எஃப் 6.3. ஓஎம்-1-இல் 300 மில்லிமீட்டர் எஃப் 4 லென்ஸ், சென்சார் சிறியதால் அதே 600-இன் பார்வையைத் தருகிறது. வெளிச்சக் கணக்கில் அது பெரிய சென்சாரின் எஃப் 8-க்குச் சமம். ஆக, நாலு மடங்கு என்று பயந்த வித்தியாசம் இங்கே இரண்டு மடங்குக்கும் கீழே வந்துவிடுகிறது. எடை வித்தியாசம் அப்படிக் குறைவதில்லை. சோனியும் லென்ஸும் சேர்ந்தால் இரண்டே முக்கால் கிலோவுக்கு மேல். ஓஎம்-1-உம் 300-உம் இரண்டு கிலோவுக்குள். கரையில் ஒரே இடத்தில் உட்காருகிறவருக்கு இது பெரிதில்லை. களக்காட்டு மலையில் மழையில் ஏறுகிறவருக்கு இதுதான் எல்லாம். தகுந்த லென்ஸோடு ஓஎம்-1 தூறலையும் தூசியையும் தாங்கும் ஐபி53 தரம் பெற்றது என்பதையும் அங்கே போனவர்கள் மதிப்பார்கள்.

கையால் ஃபோகஸ் செய்யும் பழைய லென்ஸ்கள் வீணாகிவிட்டன என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. கண்ணாடி இல்லாததால் சோனியில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே 18 மில்லிமீட்டர்தான் தூரம். நடுவில் ஒரு அடாப்டர் வைத்தால் பழைய மினோல்டா ராக்கார் 50 மில்லிமீட்டர் இதில் அழகாக உட்காருகிறது. வியூஃபைண்டரில் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டு கையால் ஃபோகஸ் திருகலாம். ஆச்சிமார் முகத்தை நான் அதில்தான் எடுக்கிறேன்.

அண்மையில் தூத்துக்குடியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். கல்யாண வேலை செய்து பிழைக்க வேண்டும், பறவையும் பிடிக்கும், ஒரு கேமராவுக்குத்தான் இப்போது பணம் என்றாள். சோனியை வாங்கச் சொன்னேன். இருட்டில் வெளிச்சத்தை வேறு எதுவும் ஈடு செய்யாது. பறவையின் நேரத்தை ஓரளவு பொறுமையும் பழக்கமும் ஈடு செய்யும். இரண்டு எஃப் 1.8 லென்ஸ்களோடு தொடங்கு, 200-600 அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன். மலையேறுவேன் என்றால் அப்போது ஓஎம்-1-ஐப் பற்றிப் பேசுவோம், அதுவரை கூந்தன்குளத்துக்கு என்னோடதை எடுத்துட்டுப் போம்மா என்றேன். கூடவே முதல் வேலையிலிருந்தே செய்ய வேண்டிய ஒன்றையும் சொல்லி அனுப்பினேன்: முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடையை விட்டு இறங்கி, பிளாஷை அணைத்துவிட்டு, அடுக்களைப் பக்கம் ஒரு சுற்று போய் வா.