தீபகற்பமா, தீவா? கின்டயர் குறித்த ஒரு விளக்கம்

பெரியப்பா அவர்களின் பார்வைக்கு:

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கும் கின்டயர், மூன்று புறம் கடலும் ஒரு புறம் நிலமும் உடைமையால் தீபகற்பம் என்றே வகுக்கப்படும். ஆயினும் 1098இல் நார்வே மன்னர் வெறுங்கால் மாக்னஸ் அதனைத் தீவு என நிறுவிய முறை, பட்டா மாறுதலில் கைதேர்ந்தவரையும் நாணச் செய்வதாகும். கப்பல் சுற்றிவரும் தீவுகள் யாவும் அவருக்கே என்று உடன்பாடு ஏற்பட, டார்பர்ட் என்னும் பூசந்தியில், அதாவது இரு கடல்களுக்கு இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில், ஆட்களைக் கொண்டு கப்பலை இழுக்கச் செய்து, தாம் சுக்கானைப் பிடித்தவாறு அதிலேயே அமர்ந்திருந்தார் என்று வட ஐரோப்பியப் பழங்கதை கூறும். டார்பர்ட் என்ற கேலிக் மொழிச் சொல்லே படகைத் தூக்கிக் கடக்கும் இடத்தைக் குறிப்பதால், இழுத்தது புதுமையன்று. இறங்காமல் இருந்ததே மன்னரின் பங்களிப்பு எனலாம்.

கிழக்குக் கரையில் காரடேல், சாடல் ஆகிய சிற்றூர்களின் வழியே செல்லும் சாலை பெரும்பாலும் ஒரே வண்டிக்குரிய அகலம் உடையது. எதிர்வரும் வண்டிக்கு வழிவிட இடையிடையே ஒதுங்கிடங்கள் உண்டு. ஒதுங்கியவருக்கு நன்றியாக ஸ்டீயரிங்கிலிருந்து ஒற்றை விரலை உயர்த்துதல் இங்குள்ள மரபு. நம்மூரில் ஹாரனால் நீளும் உரையாடல் இங்கே அவ்வொரு விரலோடு முடிந்துவிடும். கை முழுவதையும் உயர்த்தி, தலையையும் தாழ்த்தி, வீட்டுக்கு வந்த விருந்தினரை வரவேற்பதுபோல் சிரிப்பவர் அண்மையில் குடியேறியவர் என்பது உடனே புலப்படும்.

தெற்கேயுள்ள கேம்பல்டவுனில், வாற்கோதுமையிலிருந்து விஸ்கி வடிக்கும் சாலைகள் ஒரு காலத்தில் தெருவுக்கொரு டீக்கடைபோல் முப்பதுக்கும் மேல் இருந்தன. இன்று எஞ்சியவை மூன்று (இது தகவலுக்காக மட்டுமே). துறைமுகத்தின் வாயிலில் உள்ள டாவார் தீவுக்குக் கடல் வற்றும் வேளையில் கூழாங்கல் திட்டின்மேல் நடந்தே செல்லலாம். அங்குள்ள குகையில், சிலுவையில் அறையப்பட்ட இயேசுவின் உருவை ஆர்ச்சிபால்ட் மெக்கின்னன் என்னும் ஓவியர் 1887இல் யாருக்கும் சொல்லாமல் தீட்டிவைத்தார். கடல் ஏறும் நேரத்தைக் கேட்டறியாமல் செல்பவருக்கு, அடுத்த வற்றம்வரை அவ்வோவியத்தை ஆராய்வதன்றி வேறு வேலை இராது.

முல் ஆஃப் கின்டயர் எனப்படும் தென்கோடி முனையின் பெயரிலுள்ள முல் என்பது மொட்டை என்று பொருள்படும் கேலிக் சொல்லின் திரிபு. பெயருக்கேற்பக் காற்று அங்கே எதையும் உயரவிடுவதில்லை. இங்குப் பண்ணை வைத்திருக்கும் பால் மெக்கார்ட்னி 1977இல் அம்முனையைப் பாட்டால் உலகறியச் செய்தார். வானம் தெளிந்தால் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் அயர்லாந்து தெரியும். தெளியும் நாளைத் தேர்வது பயணியின் கையில் இல்லை.

கடலில் குளிக்கலாமா என்று பெரியம்மா வினவியதற்கு விடை: வெறுங்கால் எனப் பட்டம் பெற்ற மாக்னஸே இந்நீரில் காலை நனைக்காமல் தரைவழியாகத்தான் கடந்தார்.

இங்ஙனம்,
தம்பி மகன்