லேக் வியூ வேற ரேட்

ஒரகடம் பக்கம் பண்ணை மனை விற்பவர்கள் மழைநீர்த் தொட்டியைச் ‘சிறப்பு வசதி’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கிய சங்கதி அது. பைக் வாங்கினால் சாலை விதிகள் இலவசம் என்பதுபோல. கூரையில் சோலார் தகடு வேறு! 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியமும் நோட்டீஸில் மனைக்காரரின் தாராளமாகிவிடுகிறது. எருக்குழி தயார், சாணம் போட வேண்டிய மாடு மட்டும் நோட்டீஸிலேயே மேய்கிறது.

பக்கத்து வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கற்கருவிகளும் ரோமானிய ஜாடித் துண்டுகளும் கிடைத்தன. கற்காலத்திலேயே ஆள் புழங்கிய மண். அவர்களும் சூரிய ஒளியில்தான் எல்லாவற்றையும் காயவைத்திருப்பார்கள். மானியத்துக்கு விண்ணப்பிக்கத் தோன்றவில்லை, பாவம்.

“இங்கே ஏரி எங்கேங்க?” என்று மனைக்காரரிடம் கேட்டேன்.

“லேக் வியூ வேற ரேட் சார்.”