வடையின் ஓட்டையும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லும்: ஓர் ஆய்வு

கண்டோ, கேட்டோ, முகர்ந்தோ, சுவைத்தோ, தொட்டோ அறியக்கூடியது கான்க்ரீட் நவுன்; ஐம்புலனுக்கும் அகப்படாதது அப்ஸ்ட்ராக்ட் நவுன். இதை மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள் ஏராளம். ஒவ்வொரு சொல்லாகச் சோதித்துப் பார்த்தவர்கள் குறைவு. அக்குறையைக் களைவதே இவ்வாய்வின் நோக்கம்.

'டேபிள்' எளிது. இருட்டில் முழங்காலில் இடித்துத் தன் வகையைத் தானே அறிவித்துவிடும். 'ஹானஸ்டி' யாரையும் இடித்ததாகப் புகார் இல்லை. 'ஏர்' கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மின்விசிறி சுழன்றால் மேலே படுகிறது. 'ரெயின்போ'வைத் தொட முடியாது. ஒரு புலன் போதும் என்ற சலுகையில் அதுவும் தேறிவிடுகிறது.

தொல்லை 'லாஃப்டர்' என்ற சொல்லில் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுச் சிரிப்பு நம் தூக்கத்தையே கலைக்கிறது. ஆனால் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூல் அதை அப்ஸ்ட்ராக்ட் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்நூல் புலன்களை விசாரிப்பதே இல்லை. பொருளிலிருந்து பிரித்து எண்ணப்படும் பண்பு, செயல், நிலை ஆகியவற்றின் பெயரே அப்ஸ்ட்ராக்ட் என்கிறது. 1843இல் வெளிவந்த தர்க்க நூலில் ஜான் ஸ்டூவர்ட் மில்லும் ஏறக்குறைய இதையே சொன்னார்: பொருளின் பெயர் ஒரு பக்கம், பண்பின் பெயர் மறுபக்கம். வெண்மை கண்ணில் பளிச்சென்று பட்டாலும் 'ஒயிட்னஸ்' அப்ஸ்ட்ராக்ட்தான். ஆக, ஐம்புலச் சோதனை வேறு, இலக்கண நூல் வேறு. விடைத்தாள் திருத்துபவர் எந்தக் கட்சி என்பது தேர்வு முடிந்த பிறகே தெரியும்.

இரு கட்சிக்கும் அடங்காத சொல் ஒன்று உண்டு: 'ஹோல்'. ஓட்டை பொருளா, பண்பா? டேவிட் லூயிஸ், ஸ்டெஃபனி லூயிஸ் என்ற தத்துவத் தம்பதியர் 1970இல் இதற்கென்றே ஓர் உரையாடல் எழுதினார்கள். அதில் சடப்பொருளைத் தவிர எதையும் நம்பாத ஒருவர், சீஸில் உள்ள ஓட்டையைக் காட்டி மடக்கப்படுகிறார். அவர் அசரவில்லை. ஓட்டையைச் சுற்றியுள்ள உள்விளிம்புதான் ஓட்டை என்கிறார்.

சீஸ் கைவசம் இல்லாததால் உளுந்து வடையில் சரிபார்த்தோம். வெளிப்புறமாகக் கடித்துக்கொண்டே வந்தால் வடை குறைகிறது, ஓட்டை அப்படியே நிற்கிறது. வளையம் ஓரிடத்தில் அறுந்ததும் ஓட்டை போய்விடுகிறது. எந்தக் கடியில் அதை விழுங்கினோம் என்று நாக்கு சொல்லவில்லை. உள்விளிம்புதான் ஓட்டை என்றால் ஓட்டை மொறுமொறுப்பானது; ஆகவே கான்க்ரீட்.

இத்தனைக்கும், இந்தப் பிரிவினையை ஆங்கில வாக்கியம் பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய 'ஃபர்னிச்சர்' பன்மை ஏற்காது. காற்றில் மிதக்கும் 'ஐடியா' தாராளமாக ஏற்கும், முன்னால் எண்ணையும் வைத்துக்கொள்ளும். எண்ண முடியுமா என்பதில் ஆங்கிலம் காட்டும் கண்டிப்பில் பாதிகூடத் தொட முடியுமா என்பதில் இல்லை.

'கோஸ்ட்' குறித்த பகுதி, நேரில் கண்ட சாட்சிகள் இரவில் மட்டுமே பேச ஒப்புக்கொள்வதால், ஒத்திவைக்கப்படுகிறது.