நான்கு சக்கர வானப்பிரஸ்தம்

இல்லறத்தில் சலிப்புற்றவர் வனம் புகுவதென்றால் மரவுரியும் கமண்டலமும் போதும் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். ஆனால் அமெரிக்க தேசத்தின் யூட்டா மாகாணத்தில் என் மகனுக்கு அண்டை வீட்டுக்காரராக வாய்த்த பெரியவரோ, ஆண்டுக்கொரு முறை மூன்று நாள் வனம் புகுவதற்காக மிச்ச நாளெல்லாம் ஆயத்தம் செய்துகொண்டிருப்பவர். அவரைத் தனி மனிதர் என்று எண்ணிவிடலாகாது. அவர் ஒரு ஜாதி. ஏணி வைத்து ஏற வேண்டிய உயரத்தில் ஒரு பிக்கப் வண்டி, அதன் தலைமேல் மடித்துக் கட்டிய கூடாரம், தார்ச் சாலை என்றால் ஓர் இளக்காரம் ஆகிய மூன்றும் அந்த ஜாதியின் லட்சணங்கள். ஏதோ ஒரு சாலை நன்றாயிருக்கிறது என்று யாராவது சொல்லிவிட்டால், சாம்பாரில் உப்பில்லை என்று கேட்டவரைப் போல முகம் சுளிப்பார்.

சென்ற அக்டோபரில் என்னையும் உடன் அழைத்துக்கொண்டு அவர் போன இடம், கான்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் ஒரு பீடபூமியைச் சுற்றிச் சுமார் 100 மைல் ஓடும் வைட் ரிம் என்னும் கரடுமுரடான தடம். 1950-களில் யுரேனியம் தேடிப் போனவர்களின் லாரிகளுக்காக வெட்டப்பட்டது அது. யுரேனியம் சொல்லும்படியாக அகப்படவில்லை. 1964-இல் அவ்விடம் பூங்காவாயிற்று. தடம் மட்டும் மிஞ்சிற்று. வழி நெடுகக் குடிநீர் கிடையாது, விறகு எரிக்கலாகாது, எந்த இரவு எந்த இடத்தில் தங்குவது என்பதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சினிமாக் கொட்டகையைப் போல வனத்தில் இடம் ஒதுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர், பூரண சுதந்தரம்.

புறப்படுமுன் வண்டியில் ஏறிய சாமான்களை எண்ணினேன். பிரிட்ஜ் ஒன்று, அதற்கு மின்சாரம் கொடுக்க பாட்டரி ஒன்று, பாட்டரிக்கு உயிர் கொடுக்கச் சூரியத் தகடு ஒன்று. தண்ணீர்ப் பீப்பாய், மண்வெட்டி, இரண்டு உபரி டயர், சேற்றிலிருந்து இழுக்க இரும்புக் கயிறு. எல்லாவற்றுக்கும் மேலே, கையால் சுற்றிக் காபிக் கொட்டை அரைக்கும் யந்திரம். என் அத்தைப் பாட்டி காசி யாத்திரை போனபோது அம்மியைத் தவிர மற்றெல்லாவற்றையும் மூட்டை கட்டினாள் என்று எங்கள் வீட்டில் சொல்லுவதுண்டு. இவர் அந்த அம்மியையும் விட்டுவைக்கவில்லை.

தார் முடிந்த இடத்தில் இறங்கி, நான்கு டயர்களின் முன்னும் முறையே மண்டியிட்டு, அளவு பார்த்துப் பார்த்துக் காற்றை இறக்கினார். காற்றுக் குறைந்த டயர் அகலமாய்ப் படிவதால் மணலில் எளிதில் புதையாது, பாறையில் அதிகம் குலுக்காது என்பதே இதன் தாத்பரியமென்றாலும், அவர் முகத்தில் அப்போதிருந்த பக்தியைக் கண்ட எனக்கு, சந்நிதிக்கு ஒன்றாக நாலு தேங்காய் கொண்டுவராமல் போனோமே என்றிருந்தது. பிறகு செங்குத்தான பாறைச் சுவரில் கொண்டையூசி வளைவுகளாக ஏறத்தாழ 1,500 அடி இறங்கும் ஷேபர் பாதையில், ஒரு கையால் அதல பாதாளத்தைச் சுட்டிக்காட்டி அவர் வர்ணித்துக்கொண்டு வந்த காட்சியை, நான் கண்களை இறுக மூடியவண்ணம் செவியால் மட்டுமே அனுபவித்தேன்.

இரண்டாம் நாள் மாலை கிரீன் நதிக்கரையை அடைந்தோம். பெயருக்குத்தான் பச்சை, பார்வைக்கு ஆடிப் பெருக்குக் காவிரி. ஒரு கையை இழந்த ஜான் வெஸ்லி பவல் என்பவர், 1869-இல் நான்கு படகுகளோடு புறப்பட்டு, ஒன்றை வழியிலேயே பாறைக்குப் பறிகொடுத்து, நமுத்துப்போன மாவைத் தின்றுகொண்டு இந்த நதியிலே மிதந்து போன சரித்திரத்தை, மடக்கு நாற்காலியில் சாய்ந்தவாறு கண் கலங்கச் சொல்லி முடித்த நம் பெரியவர், பிரிட்ஜில் வெண்ணெய் சற்றே இளகிவிட்டதென்று அதே கலங்கிய கண்ணால் வருந்தினார். செம்பாறைச் சுவர்களின்மேல் வெயில் மெல்ல ஏறி மறைந்த அந்தக் கால் மணி நேரமும் அவர் வண்டியின் அடியில் படுத்து, புதிதாகச் சிராய்ப்பு விழுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். ஒன்று அகப்பட்டதும், பேரனுக்கு முதற்பல் முளைத்த செய்தியைச் சொல்பவர்போல் ஓடி வந்து சொன்னார்.

ஊர் திரும்பிய பின் ஒரு மாதம் வண்டியைக் கழுவவில்லை. அந்தச் செம்மண் அவருக்குக் காசி விபூதி. அதே கோலத்தில் ஒரு நாள் பால் வாங்கப் போனபோது, எங்கள் தெருச் சாலையிலிருந்த பள்ளம் ஒன்றில் வண்டி ஒரு தரம் குலுங்கிவிட்டதாம். மறுநாள் காலை நாடாவும் கையுமாக நடுத்தெருவில் மண்டியிட்டு அதன் ஆழத்தை அளந்துகொண்டிருந்தவர், வரி செலுத்தும் பிரஜைகள் நடமாட லாயக்கற்ற சாலை என்று நகரசபைக்கு ஒரு மனு எழுதி, அதில் சாட்சிக் கையெழுத்துப் போடும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்.

ஆழம் 2 அங்குலம். போட்டுக் கொடுத்தேன்.